டிஸ்னி வேர்ல்டு உணவக முன்பதிவு: எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

கிருஷ்ணகிரியில் விமான டிக்கெட்டும் விசா விண்ணப்பமும் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. ஓசூர், பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் வருவார்கள். சில ஆண்டுகளாக டிக்கெட்டோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. "அம்மா அப்பாவை ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போகிறோம், உணவகங்களில் இடமே கிடைக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள் அண்ணா" என்று மகனோ மகளோ அங்கிருந்து அழைப்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டுச் சிக்கல்கள்தான் வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பக்கத்து மக்களுக்கு இந்த ஏற்பாடு புதிது. ஒகேனக்கலில் மீனை வாங்கிச் சமைக்கிற அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பரிசல் ஏறினால், திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் ஆயத்தமாக இருக்கும். காலையில் சொல்லி மதியம் சாப்பிடுவதுதான் நமக்குத் தெரிந்த முன்பதிவு. டிஸ்னி வேர்ல்டு பூங்கா இருக்கும் ஆர்லாண்டோவில் அதற்கு 60 நாள் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

தேடத் தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். எல்லாச் சாப்பாட்டுக்கும் முன்பதிவு வேண்டாம். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களுக்கும், மிக்கி மவுஸ் முதலிய வேடதாரிகள் குழந்தைகளோடு வந்து பேசும் பஃபேக்களுக்கும்தான் இது தேவை. கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் இடங்களில், பூங்காவின் செயலியிலேயே அன்றைக்கு ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நான்கு நாள் பயணத்துக்கு இரண்டு மேசை போதும் என்பது என் கருத்து. மூன்றைத் தாண்டினால் சவாரிகளை விட்டுவிட்டுச் சாப்பாட்டை நோக்கியே ஓடிக்கொண்டிருப்பீர்கள். வயதானவர்கள் கூட இருந்தால் அந்த ஓட்டம் ஆகாது.

தேதியை அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை

முதலில் நாளை எண்ணுங்கள். சாப்பிடப்போகும் நாளுக்குச் சரியாக 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். டிசம்பர் 25 இரவுச் சாப்பாடு என்றால் அக்டோபர் 26. பொங்கலன்று, ஜனவரி 15 என்றால், நவம்பர் 16. பள்ளி விடுமுறையில் ஜூன் 15 என்றால் ஏப்ரல் 16, தமிழ்ப் புத்தாண்டு முடிந்து இரண்டாம் நாள். "இரண்டு மாதம் முன்னால்" என்று மாதத்தைக் கணக்கில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் பிசகும். காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள்.

நாள் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? மணியைப் பாருங்கள். இணையத்தில் முன்பதிவு திறப்பது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் காலை 6 மணிக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, அது நமக்குப் பிற்பகல் 3.30. மற்ற மாதங்களில் 4.30. அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆகவே இந்த ஒரு மணி நேர வித்தியாசம். பயணம் செய்யும் நாளின் நேரத்தைப் பார்க்காதீர்கள், முன்பதிவு திறக்கும் நாளின் நேரத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் மேசைக்காக அக்டோபர் 26 அன்று உட்காருபவருக்கு 3.30. பொங்கல் மேசைக்காக நவம்பர் 16 அன்று உட்காருபவருக்கு 4.30. காலையில் பத்து மணிக்கே வந்து, திறக்கவில்லை என்று வருந்திப் போனவர்கள் பலர்.

இந்த நேரக்கணக்கு நமக்கு வாய்த்த பெரிய வசதி. கலிஃபோர்னியாவில் இருக்கும் மகனுக்கு அது விடியற்காலை மூன்று மணி. அலாரம் வைத்து எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு தவறான தேதியை அழுத்துவான். இங்கே அம்மா பிற்பகல் தேநீரை அடுப்பில் வைத்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து முடித்துவிடலாம். இந்த வேலையை ஊரில் இருப்பவர்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது காரணம் தேதி எழுதும் முறை. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. பர்கூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மகன் வாட்ஸ்அப்பில் 7/6 என்று அனுப்பியிருந்தார். நான் ஜூன் 7 என்று எடுத்துக்கொண்டு மேசையையும் பிடித்துவிட்டேன். அவர் சொன்னது ஜூலை 6. நல்லவேளையாக அன்று மாலையே அழைத்துப் பேசியதில் தெரிந்தது, கட்டணமில்லாமல் ரத்து செய்ய முடிந்தது. அன்றிலிருந்து மாதத்தை எழுத்தால் எழுதி அனுப்பினால் மட்டுமே முன்பதிவு செய்கிறேன்.

இவை மூன்றும் சரியாக இருந்து, மறுநாளும் திறக்கவில்லை என்றால், அந்த உணவகம் அந்த நாட்களில் புதுப்பிப்புக்காக மூடியிருக்கலாம். இணையதளத்தில் அந்த உணவகத்தின் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும்.

கணக்குக்குள் நுழையவே முடியவில்லை

மகனுடைய கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு, சரியாக 3.30க்கு இங்கே கணினியில் நுழைகிறீர்கள். புதிய கருவி என்பதால் ஓர் எண்ணை மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்கும். அந்த எண் உறங்கிக்கொண்டிருக்கும் மகனுக்குப் போகும். அவர் எழுந்து பார்த்துச் சொல்வதற்குள் நல்ல நேரங்கள் போய்விடும்.

உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மகன் கணக்கோடு குடும்பப் பட்டியலில் இணைத்துக்கொள்வதுதான் தீர்வு. காசு எதுவும் இல்லை. கடவுச்சொல்லைக் கைமாற்றுவதும் தவிரும். முந்தின நாளே செய்து, ஒருமுறை வெளியே வந்து மறுபடி நுழைந்து பாருங்கள்.

மின்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின் நிறுத்தம் செய்யும் நாள் முன்பதிவு நாளோடு மோதினால், இணையமும் சேர்ந்து போகும். எந்தப் பகுதியில் நிறுத்தம் என்பது நாளிதழில் முந்தின நாள் வந்துவிடும், பார்த்து வையுங்கள். கைப்பேசியில் டேட்டாவும் முழு சார்ஜும் இருந்தால் போதும்.

பூங்கா ஓட்டலில் அறை எடுத்தாயிற்று, ஆனால் செயலி அதைக் காட்டவில்லை

இது சிறிய கோளாறு போலத் தெரியும், இதனால் வரும் இழப்பு பெரிது. ஏன் என்று அடுத்த தலைப்பில் புரியும்.

அறையை வேறு நிறுவனம் வழியாக எடுத்திருந்தால், உறுதி எண் தானாகக் கணக்கில் வந்து சேராது. அந்த எண்ணையும் பெயரையும் நாமே உள்ளிட்டு இணைக்க வேண்டும். எண்ணைச் சரியாகப் போட்டும் ஏற்கவில்லை என்றால், பத்தில் ஒன்பது முறை சிக்கல் பெயரில் இருக்கிறது.

நமக்குக் குடும்பப்பெயர் என்பது கிடையாது, இனிஷியல்தான். பழைய பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்து உட்கார்ந்துகொள்ளும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். விசாவைப் பார்த்து ஒருவர் அறை எடுக்க, பாஸ்போர்ட்டைப் பார்த்து இன்னொருவர் கணக்குத் தொடங்க, இரண்டும் பொருந்தாமல் நிற்கும். அறை உறுதிச் சீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளிட்டுப் பாருங்கள். முதற்பெயரையும் கடைசிப்பெயரையும் இடம் மாற்றியும் ஒருமுறை பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், அறையை எடுத்துக்கொடுத்தவரை அழைத்து முதன்மை விருந்தினரின் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். இதை 60 நாள் கணக்கு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். 3.30 மணிக்கு உட்கார்ந்துகொண்டு பெயரைத் திருத்த முடியாது.

சரியான நாள், சரியான மணி, ஆனாலும் இடம் இல்லை என்கிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "நொடி தவறாமல் அழுத்தினோம், அதற்குள் எப்படி நிரம்பியது?" என்று மனம் நொந்து கேட்பார்கள்.

உங்களுக்கு முன்னால் வரிசையில் ஆட்கள் இருக்கிறார்கள். பூங்காவின் சொந்த ஓட்டல்களில் தங்குபவர்கள், அறைக்குள் நுழையும் நாளுக்கு 60 நாள் முன்னால், தங்கும் நாட்கள் முழுவதற்கும், பத்து நாள் வரை, ஒரே அமர்வில் முன்பதிவு செய்துகொள்ளலாம். டிசம்பர் 20 அன்று அறைக்கு வந்து ஒரு வாரம் தங்குபவர், டிசம்பர் 25 மேசையை அக்டோபர் 21 அன்றே எடுத்துவிடுவார். வெளியே தங்குகிற உங்களுக்கு அது அக்டோபர் 26 அன்றுதான் திறக்கும். ஐந்து நாள் பிந்தி வருகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும்.

நீங்களும் பூங்கா ஓட்டலில்தான் தங்குகிறீர்கள் என்றால், தங்கும் கடைசி நாள்களிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். கடைசி நாளுக்குப் போட்டி குறைவு. முதல் நாளுக்குப் போட்டி அதிகம், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் அறைக்கு வந்துவிட்டவர்கள் அதை ஏற்கெனவே மேய்ந்திருப்பார்கள். குழந்தைகள் மிகவும் ஆசைப்படும் உணவகத்தைக் கடைசி நாளில் வையுங்கள்.

இனி வெளியே தங்குபவர்களுக்கு.

எத்தனை பேர் என்பதைக் குறைத்துப் பாருங்கள். நம் குடும்பங்கள் போவது எட்டுப் பேர், ஒன்பது பேர். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், இரு வீட்டுச் சம்பந்திகளும். எட்டுப் பேருக்கான மேசை எந்த உணவகத்திலும் கொஞ்சம்தான் இருக்கும். நான்கு, நான்காகப் பிரித்துத் தேடினால் சட்டென்று கிடைக்கும். ஆனால் ஒரே கணக்கில் ஒரே நேரத்துக்கு இரண்டு முன்பதிவு போட்டால் மோதுகிறது என்று தடுத்துவிடும். ஒன்றை மகன் கணக்கிலும் மற்றொன்றை மருமகள் கணக்கிலும் எடுங்கள். வாசலில் பெயர் கொடுக்கும்போது, அருகருகே உட்கார முடியுமா என்று கேளுங்கள். வாக்குறுதி கிடையாது, இருந்தால் பெரும்பாலும் செய்து தருவார்கள். சம்பந்திகளை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போவது நல்லது. அந்த வாசலில் நின்று பேசினால் யாராவது ஒருவர் மனம் கோணும்.

கைக்குழந்தையையும் எண்ணிக்கையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே பஃபேயில் கட்டணம் இல்லை, ஆனால் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும். 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம். பத்து நிறைந்துவிட்டால் பெரியவர் கட்டணம்.

நேரத்தை மாற்றுங்கள். மாலை ஆறிலிருந்து ஏழரை வரைதான் எல்லோரும் கேட்பது. நாலரை மணிக்கும் எட்டே முக்காலுக்கும் இடம் கிடக்கும். நம்மவர்களுக்கு நாலரை நான் விரும்பிச் சொல்கிற நேரம். காரணம், ஊரிலிருந்து போன முதல் வாரம் உடம்பு இங்குள்ள கடிகாரத்தில்தான் ஓடும். அங்கே கோடைக்கால மாலை ஏழு மணி என்பது இங்கே விடிகாலை நாலரை. பாலக்கோட்டிலிருந்து போன ஒரு பாட்டி, எட்டு மணி மேசையில் தட்டு வருவதற்கு முன்பே மகளின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். பேத்தி அனுப்பிய படத்தில் பாட்டியின் கையில் மடித்த துணிக் கைக்குட்டையும், எதிரே தொடாத தட்டும் இருந்தன. மேசை கிடைக்கிறதா என்பதோடு, அந்த மணியில் அவர்களுக்குப் பசிக்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்து எடுங்கள்.

பூங்காவுக்குள்ளேயே தேடாதீர்கள். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று பூங்காக்கள் நான்கு. அவற்றைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டல்கள். அந்த ஓட்டல் உணவகங்களில் சாப்பிடப் பூங்கா டிக்கெட் வேண்டியதில்லை, அங்கே தங்க வேண்டியதும் இல்லை. மிக்கியைப் பார்த்தாக வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால், கன்டெம்பரரி ஓட்டலில் செஃப் மிக்கிஸ் இருக்கிறது. பூங்காவுக்குப் போகாமல் ஓய்வெடுக்கும் நாளில் இதை வைத்தால் ஒரு நாள் டிக்கெட்டும் மிச்சம்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லையா? விடுங்கள், கடைசி இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பெரும்பாலான உணவகங்களில் சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். ஆகவே தேவைக்கு மேல் பிடித்து வைத்திருப்பவர்கள் முந்தின நாள் இரவிலும் அன்று காலையிலும் கைவிடுவார்கள். அங்கே கோடைக்கால இரவு எட்டு மணி என்பது இங்கே விடிகாலை 5.30, வாசல் தெளிக்கும் நேரம். அந்த நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எத்தனையோ மேசைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காலியானதும் செய்தி அனுப்பும் தனியார் சேவைகளும் உண்டு, சில இலவசம், சில சிறு கட்டணம். முதலில் இலவசத்தைப் பயன்படுத்துங்கள்.

அன்றைக்குப் பூங்காவுக்குள் இருக்கும்போது இன்னொரு வாய்ப்பு. செயலியில் காத்திருப்புப் பட்டியல் சில உணவகங்களுக்குத் திறந்திருக்கும். பக்கத்தில் இருந்தால்தான் சேர அனுமதிக்கும். மதியம் மூன்று மணி வாக்கில் முயன்றால் விரைவாக அழைப்பு வரும்.

செலவு பிடிக்கும் வழி ஒன்றுதான் மிச்சம்: பூங்கா ஓட்டலுக்குத் தங்கலை மாற்றிக்கொண்டு அந்த முன்னுரிமையைப் பெறுவது. ஒரு சாப்பாட்டுக்காக இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். முன்பதிவை வாங்கி விற்கிறவர்களிடமும் போகாதீர்கள். வேறொருவர் பெயரில் உள்ள மேசைக்காகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வாசலில் பெயர் பொருந்தாமல் நின்றால் உங்களுக்காகப் பேச யாரும் இல்லை.

இடம் கிடைத்தது, கார்டை ஏற்கவில்லை

முன்பதிவை உறுதி செய்யக் கார்டு எண் கேட்பார்கள். பெரும்பாலான உணவகங்களில் அப்போது பணம் எடுப்பதில்லை. வராமல் போனால் பிடித்துக்கொள்ளத்தான் அந்த எண். நிகழ்ச்சியோடு சேர்ந்த சில விருந்துகளுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், திரையில் தெளிவாகச் சொல்லும்.

கார்டு மறுக்கப்பட்டால், வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுக்கும் இணையத்துக்கும் நாமே வங்கியின் செயலியில் திறந்துகொள்ள வேண்டும். இரண்டும் தனித்தனிப் பொத்தான்கள். ஒன்றைத் திறந்து மற்றதை மறந்தவர்கள்தான் அதிகம். பக்கத்திலேயே வரம்புத் தொகையும் இருக்கும், அது பூஜ்யமாக இருந்தால் திறந்தும் பயனில்லை.

அடுத்து, கார்டின் மூலையில் என்ன சின்னம் என்று பாருங்கள். உள்நாட்டு ரூபே கார்டு என்றால் அங்கே எடுபடாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும்.

முகவரிப் பகுதியில் நாடு அமெரிக்கா என்றே இருந்தால், அஞ்சல் எண்ணுக்கு ஐந்து இலக்கம்தான் ஏற்கும். நம்முடையது ஆறு இலக்கம். நாட்டை இந்தியா என்று மாற்றியபின் 635001 என்று போட்டால் ஏற்கும். வங்கியில் கொடுத்திருக்கும் அதே முகவரியாக இருக்கட்டும். ஓடிபி வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள், வெளிநாட்டு வணிகர்கள் பலர் அதைக் கேட்பதில்லை.

இரண்டு முறை மறுத்தால் மூன்றாவது முறை முயலாமல் நிறுத்துங்கள். அடுத்தடுத்து முயன்றால் மோசடி என்று எண்ணி வங்கி கார்டையே முடக்கலாம். இங்கேதான் வங்கியை அழைக்க வேண்டும். கார்டின் பின்புறம் உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள், இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை வேண்டாம். மேசை கைவிட்டுப் போகுமோ என்ற அவசரம் இருந்தால், மகனுடைய அமெரிக்கக் கார்டைக் கணக்கில் முந்தின நாளே சேர்த்து வைத்துவிடுங்கள். நான் இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

உறுதிக் கடிதம் வரவில்லை

ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். பிறகு செயலியில் அன்றைய திட்டப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே இருந்தால் முன்பதிவு இருக்கிறது, கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை. அங்கேயும் இல்லை என்றால் வேறு கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள், அல்லது கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. பதற்றத்தில் மறுபடி ஒன்றைப் போடுமுன் மற்றக் கணக்குகளையும் திறந்து பாருங்கள். ஒரே மேசையை இரண்டு முறை எடுத்து, ஒன்றை ரத்து செய்ய மறந்தால் அபராதம் விழும்.

முன்பதிவு இருக்கிறது, சாப்பிடப் போக முடியவில்லை

பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்துக்கு அந்தப் பூங்காவின் அன்றைய டிக்கெட்டும் வேண்டும். உணவக முன்பதிவு நுழைவுச்சீட்டு ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு பூங்கா என்ற டிக்கெட்டை வைத்துக்கொண்டு, பகலில் அனிமல் கிங்டமும் இரவுச் சாப்பாட்டுக்கு எப்காட்டும் என்று எடுத்திருந்தால் ஒன்றை மாற்றியாக வேண்டும். சாப்பாட்டை மாற்றுவது மலிவு. டிக்கெட்டை உயர்த்துவது ஆளுக்கு ஆள் டாலர் கேட்கும்.

தூரத்தையும் பாருங்கள். நம் ஊர்த் திருவிழாத் திடல் போல ஒரே இடத்தில் எல்லாம் இல்லை. ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தில் போக, காத்திருப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி என்றால் இன்னும் கால் மணி நேரம். குறித்த நேரத்துக்கு மேல் 15 நிமிடம் தாண்டினால் மேசை கைவிட்டுப் போகலாம்.

மேசையும் சாப்பாடும் வந்தன, அம்மாவால் சாப்பிட முடியவில்லை

சைவம் என்றால் என்ன என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், இறைச்சியை வேகவைத்த சாறு வேண்டாம், பால் தயிர் பரவாயில்லை. உணவுப்பட்டியலில் இலைச் சின்னம் போட்டவை தாவரத்தில் மட்டும் செய்தவை, அவற்றில் பாலும் இருக்காது. ஒவ்வாமை இருந்தால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், மேசையில் பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். சமையல்காரரே வந்து பேசுவது அங்கே வழக்கம்.

உணவகத்தைப் பற்றி என் பரிந்துரை: அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலில், கிடானி வில்லேஜ் பகுதியில் உள்ள சனா. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த இடம். பகலில் போனால் சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். 'நான்' வகை ரொட்டிகளும், தொட்டுக்கொள்ள வெள்ளரித் தயிர்ப்பச்சடி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, மாம்பழச் சட்னி என்று வரிசையாகச் சின்னக் கிண்ணங்களும் வரும். நம் மாவட்டத்துத் தோட்டக்காரர் ஒருவர் அந்த மாம்பழச் சட்னியைச் சுவைத்துவிட்டு, எந்த ரகத்துப் பழமாக இருக்கும் என்று எனக்குக் குரல்செய்தி அனுப்பினார். இருட்டிய பிறகு விலங்குகள் சரியாகத் தெரியாது, மதியத்துக்கே எடுங்கள்.

வேடதாரிகள் வரும் பஃபேயில் பெரியவர் ஒருவருக்கு 50 டாலருக்கு மேல் வரும். மாலையில் இரண்டு இட்லி சாப்பிடும் தாத்தாவுக்கும் அதே கட்டணம். குழந்தைகளோடு மகனும் மருமகளும் பஃபேக்குப் போகட்டும், பெரியவர்கள் ஓட்டலில் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம்.

தொலைபேசியில் ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

மூன்று நேரங்களில் நீங்களே முயல்வதை நிறுத்திவிடுங்கள். ஓட்டல் உறுதி எண்ணைப் பெயர் மாற்றி மாற்றிப் போட்டும் இணையவில்லை என்றால். கடுமையான ஒவ்வாமை இருந்து, எழுத்தில் தெளிவான பதில் வேண்டுமென்றால். பத்துப் பேருக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டிய சஷ்டியப்தபூர்த்தி போன்ற விசேஷம் என்றால். அப்போது பூங்காவின் உணவக முன்பதிவுத் தொலைபேசியில் பேசுங்கள். அங்குள்ள மகனோ மகளோ பேசுவது நல்லது, இங்கிருந்து அழைத்தால் காத்திருக்கும் நேரத்துக்கும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் ஓடும். இன்னும் அறையே எடுக்கவில்லை என்றால், பூங்காவின் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பயண முகவரிடம் மொத்தத்தையும் ஒப்படைக்கலாம். அறையை அவர் வழியாக எடுத்தால் முன்பதிவு வேலைக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்பதில்லை.

பயணம் தள்ளிப்போனது, விமானம் தாமதம்

சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ரத்து செய்யவில்லை, போகவும் இல்லை என்றால், பெரும்பாலான உணவகங்களில் ஆளுக்கு 10 டாலர். எட்டுப் பேருக்கு 80. நேரம் எண்ணுவது ஃபுளோரிடா கடிகாரத்தில். ஆகவே பெங்களூரு விமான நிலையத்தில் தாமத அறிவிப்பு வந்தவுடனேயே, விமானம் ஏறுமுன், அடுத்த நாள் மேசையைத் தள்ளிப்போடுங்கள் அல்லது ரத்து செய்யுங்கள். முதலில் மாற்று நேரம் இருக்கிறதா என்று பாருங்கள், கையில் இருப்பதைப் பிறகு விடுங்கள். கைப்பேசியில் சார்ஜ் இல்லையா, உறுதி எண்ணை ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். என் கடையில் பயணம் கிளம்புகிறவர்களின் உறுதி எண்களை ஒரு நோட்டில், தேதி, ஃபுளோரிடா நேரம், நம் நேரம் என்று மூன்று பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் வானத்தில் இருக்கும்போது நான் இங்கிருந்து ரத்து செய்துவிடுவேன்.